ஆணை போட்டவரே விசாரிக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், மனுவை மறுக்கும் அதிகாரி அதற்கான காரணத்தை எழுத வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்போது, அரசு அதிகாரிகளின் ஆணைகள் மீதான வழக்குகளை விசாரிக்கும் 'கோன்சேய் தேத்தா' என்ற பிரான்சு நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றத்தை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தொண்டி முதல் வாலிநோக்கம் வரை கரையோர ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. காரைக்கால், புதுச்சேரி வழியாகப் பிரான்சோடு கொள்வினை கொடுப்பினை உள்ள குடும்பங்கள் நம் கரையில் உண்டு என்பதால், இந்த இதழ் முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் மகளைக் காரைக்காலில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளைக்குப் பிரான்சின் ஆளுகையில் உள்ள ரெயூனியன் தீவில் வேலை. மகளின் வசிப்பு அனுமதி அட்டையைப் புதுப்பிக்க அங்குள்ள அதிகாரி மறுத்துவிட்டார். கடைசியில் பாரிசில் உள்ள 'கோன்சேய் தேத்தா' வரை போகலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார். அந்தப் பெயருக்கு அரசின் ஆலோசனை மன்றம் என்றுதான் பொருளாம். ஆணை போட்டதும் அரசு, விசாரிப்பதும் அரசின் மன்றமா? – வாசகி, கீழக்கரை.

பதில்: அம்மா, உங்களுக்கு வந்த இதே ஐயம் பிரெஞ்சு மக்களுக்கும் ஏறத்தாழ நூறாண்டுகள் இருந்தது. அந்த ஐயம் எப்படித் தீர்ந்தது என்பதுதான் அந்த மன்றத்தின் வரலாறு.

புரட்சிக்கு முன்பு அங்கிருந்த பழைய நீதிமன்றங்கள் அரசு கொண்டுவந்த சீர்திருத்தங்களுக்கெல்லாம் முட்டுக்கட்டை போட்டன. அதனால் நீதிபதிகள் மீது நம்பிக்கை இழந்த புரட்சிக்காரர்கள், 1790 ஆகஸ்டில் இயற்றிய சட்டத்தில், நீதிபதிகள் நிர்வாகத்தின் செயல்களில் எவ்விதத்திலும் தலையிடக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். அப்படியானால் அதிகாரியால் பாதிக்கப்பட்டவர் எங்கே போய் முறையிடுவார்? அந்த அதிகாரிக்கு மேலிருந்த அமைச்சரிடம்தான் போக வேண்டியிருந்தது. 1799 டிசம்பர் 13ஆம் நாள் வெளியான நெப்போலியனின் அரசமைப்பு கோன்சேய் தேத்தாவை உருவாக்கியது. சட்டங்களை வரைவதும், நிர்வாகத்தில் எழும் சிக்கல்களைத் தீர்ப்பதும் அதன் வேலை. ஆனால் மக்களின் வழக்குகளில் அந்த மன்றம் கருத்து மட்டுமே சொல்லும்; நாட்டின் தலைவர் கையொப்பமிட்டால்தான் அது தீர்ப்பாகும்.

1872 மே 24ஆம் நாள் வந்த சட்டம் அந்தக் கையொப்பத்தை நீக்கி, பிரெஞ்சு மக்களின் பெயரால் தானே தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை மன்றத்துக்கு வழங்கியது. அப்போதும் வழக்கு முதலில் அமைச்சரிடம் போய்த்தான் வர வேண்டும் என்ற வழக்கம் ஒட்டிக்கொண்டே இருந்தது. மார்சேய் நகராட்சியில் சாலை, நீர்ப் பணிகளுக்குப் பொறுப்பாளராக இருந்த கதோ என்பவரின் பதவியை நகராட்சி ஒழித்தது. அவர் இழப்பீடு கேட்டார், நகராட்சி மறுத்தது, அமைச்சரோ இது என் வேலையல்ல என்று கைவிரித்தார். இந்த வழக்கைத் தானே நேரடியாக எடுத்துக்கொள்வதாக மன்றம் 1889 டிசம்பர் 13ஆம் நாள் அறிவித்தது. மன்றம் பிறந்த அதே தேதியில், சரியாகத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, அமைச்சரே நீதிபதியாக இருந்த முறை முடிவுக்கு வந்தது. நாள்கள் இப்படிப் பொருந்தியது தற்செயல்தான். ஆனாலும் அதை எழுதும்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

உங்கள் மகளின் வழக்கு நேரே பாரிசுக்குப் போகாது. பிரான்சில் 42 நிர்வாக நீதிமன்றங்கள் உள்ளன. ரெயூனியனுக்கு உரியது அத்தீவின் தலைநகரான சேன்-தெனியில் இருக்கிறது. அதற்கு மேல் 9 நிர்வாக மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் உண்டு. உங்களுக்கு உரியது போர்தோ நகரத்தில் உள்ளது. இந்த இரண்டு இடங்களிலும் நடந்தது என்ன, ஆவணங்கள் என்ன சொல்கின்றன என்பதையெல்லாம் முழுமையாகப் பார்ப்பார்கள். மூன்றாவதாகத்தான் கோன்சேய் தேத்தா. அங்கே கீழ் நீதிமன்றம் சட்டத்தைச் சரியாகப் பயன்படுத்தியதா என்பதை மட்டுமே பார்ப்பார்கள். அதற்கும் முதலில் மனு ஏற்கத்தக்கதா என்ற வடிகட்டலைத் தாண்டியாக வேண்டும். ஆகவே மாப்பிள்ளை தம் வலுவையெல்லாம் சேன்-தெனியில் காட்டுவதே நல்லது. கடைசிப் படியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் மிச்சம் வைக்க வேண்டாம்.

கேள்வி: மீன்பிடிப்பு விஷயத்திலும் அந்த நீதிமன்றம் தலையிடுமா? – விசைப்படகு உரிமையாளர், மண்டபம்.

பதில்: தலையிட்டிருக்கிறது, அண்மையிலேயே. பிரான்சின் மேற்குக் கடலான பிஸ்கே விரிகுடாவில், குளிர்காலத்தில் வலைகளில் சிக்கி இறந்த ஓங்கில்கள் (டால்பின்கள்) கரையில் ஒதுங்கிக்கொண்டே இருந்தன. இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. அரசு எடுத்த நடவடிக்கைகள் போதாதவை என்று முடிவு செய்த கோன்சேய் தேத்தா, தகுந்த பகுதிகளிலும் காலங்களிலும் மீன்பிடிப்பை நிறுத்த வேண்டும் என்றும், அதை ஆறு மாதங்களுக்குள் செய்ய வேண்டும் என்றும் 2023 மார்ச் 20ஆம் நாள் ஆணையிட்டது. அரசு ஒரு மாதத் தடையை அறிவித்தது. ஆனால் ஓங்கிலை விரட்டும் ஒலிக்கருவியோ கேமராவோ பொருத்திய படகுகளுக்கு விலக்கு என்றும் சேர்த்தது. அந்த விலக்கை அதே ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் மன்றம் நிறுத்திவைத்தது. ஒரு மாதத்துக்கு, எட்டு மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள, குறிப்பிட்ட வகை வலைகள் வைத்திருந்த படகுகள் துறைமுகத்திலேயே கட்டிக்கிடந்தன. அரசு இழப்பீடு அறிவித்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகைக் கட்டிப்போட்டு, வலையை உதறிக் காயவைத்து, நிவாரணத் தொகை எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு அந்தக் கஷ்டத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். எத்தனை நாள், எந்த வலை என்பதை நீதிமன்றம் சொல்லவில்லை. அதை அரசின் பொறுப்பிலேயே விட்டது. சட்டம் அரசின் மீது சுமத்திய கடமை இது, இதை அரசு செய்யவில்லை, இத்தனை மாதத்துக்குள் செய் என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டது. நல்ல நிர்வாக நீதிபதி அதிகாரியின் நாற்காலியில் தான் போய் உட்காருவதில்லை. அந்தக் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் சுமையைத் தோளில் தாங்கியவர் மீனவர் என்பதையும் மறைக்கமாட்டேன்.

கேள்வி: விசாரணை எப்படி நடக்கும்? எத்தனை நீதிபதிகள்? நம் நீதிமன்றங்களைப் போலத்தானா? – சட்டக் கல்லூரி மாணவி, தொண்டி.

பதில்: பாரிசின் நடுவே பலே ருவாயால் என்ற பழைய அரண்மனையில் 1875 முதல் மன்றம் இருந்துவருகிறது. அதற்கு முன்பிருந்த கட்டடம் 1871இல் பாரிஸ் கம்யூன் கிளர்ச்சியின்போது எரிந்துபோனது. உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது, நீதிபதிகள் மேலங்கி அணியாமல் சாதாரண உடையில் அமர்ந்திருப்பது. மன்றத்தின் தலைவருக்குத் துணைத்தலைவர் என்றுதான் பெயர்; தலைமை இடம் ஒரு காலத்தில் ஆட்சித் தலைவருக்கு உரியதாக இருந்ததன் எச்சம் அது. அரசுக்கு ஆலோசனை சொல்லும் பிரிவுகள் தனியாகவும், வழக்குகளைக் கேட்கும் பிரிவு தனியாகவும் இயங்குகின்றன. வழக்குப் பிரிவில் பத்து அறைகள் உள்ளன. வரி ஓரிடம், வெளிநாட்டவர் ஓரிடம் என்று பொருளுக்கேற்ப வேலை பிரிக்கப்படுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 வழக்குகள் வருகின்றன.

அங்கே வழக்கின் உயிர் எழுத்தில்தான் இருக்கிறது, வாய்வாதம் குறைவு. மனு வந்ததும் ஓர் உறுப்பினரிடம் வழக்குக் கட்டு ஒப்படைக்கப்படும். அவர் இரு தரப்பின் எழுத்துவாதங்களையும் பெற்று, குறிப்பு எழுதி, தீர்ப்பின் வரைவையும் தயார் செய்வார். மூத்த உறுப்பினர் ஒருவர் அதைத் திரும்பப் பார்ப்பார். அறையில் உள்ளவர்கள் கூடி அலசுவார்கள். இதற்குப் பிறகே, நம் நீதிமன்றங்களில் இல்லாத ஒருவர் வருகிறார். பொது அறிக்கையாளர் என்று அவரைத் தமிழில் சொல்லலாம். அவரும் மன்றத்தின் உறுப்பினரே. ஆனால் எந்தத் தரப்புக்கும் வழக்கறிஞர் அல்லர். பொது விசாரணையில் எழுந்து நின்று, இந்த வழக்கில் சட்டம் என்ன சொல்கிறது, இதற்கு முன்பு மன்றம் என்ன சொன்னது, தம் மனசாட்சிப்படி எந்தத் தீர்வு சரி என்பதை எல்லோர் காதிலும் விழும்படி சொல்வார். தீர்ப்பில் அவருக்கு வாக்கு கிடையாது. அவர் சொன்னதை நீதிபதிகள் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம்.

2009 வரை இவருக்கு அரசின் ஆணையர் என்று பெயர். அரசுக்காகப் பேசுகிறவரோ என்ற தவறான எண்ணத்தைத் தந்துகொண்டிருந்த அந்தப் பெயரை மாற்றிவிட்டார்கள். உங்களைப் போன்ற மாணவர்கள் அந்தப் பதவியை ஊன்றிப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தோற்றவர் வீடு திரும்பும்போது, தன் கட்டை யாரோ ஒருவர் முழுவதும் படித்தார் என்பதைத் தன் காதாலேயே கேட்டிருப்பார். தோல்வியிலும் அது பெரிய ஆறுதல்.

நீதிபதிகளின் எண்ணிக்கை வழக்கின் கனத்தைப் பொறுத்தது. எளிய வழக்கை ஓர் அறையே முடித்துவிடும். சற்றுக் கனமானதற்கு இரண்டு அறைகள் சேர்ந்து அமரும். அதற்கும் மேற்பட்டதற்கு வழக்குப் பிரிவின் பதினைந்து பேர். நாட்டையே பாதிக்கும் கேள்விக்குப் பதினேழு பேர் கொண்ட பேரமர்வு. ஒருவரின் அடிப்படை உரிமையை நிர்வாகம் வெளிப்படையாகவும் கடுமையாகவும் மீறினால், 48 மணி நேரத்துக்குள் தனி நீதிபதி முடிவு சொல்ல வேண்டும் என்ற அவசர வழியும் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது.

கேள்வி: 'இந்த ஆணையை எதிர்த்து எங்கும் முறையிட முடியாது' என்று சட்டத்திலேயே எழுதியிருந்தால் என்ன செய்வது? – வாசகர், தேவிபட்டினம்.

பதில்: அந்த வாசகத்தை எதிர்த்து அந்த மன்றம் சொன்ன பதில் நிர்வாகச் சட்ட வகுப்புகளில் இன்றும் பாடமாக இருக்கிறது. போர்க்காலத்தில், பயிரிடாமல் கிடந்ததாகச் சொல்லப்பட்ட நிலங்களை வேறொருவருக்குக் குத்தகைக்குக் கொடுக்க மாவட்ட அதிகாரிக்கு அதிகாரம் தந்தார்கள். எந்த முறையீடும் கூடாது என்று 1943ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பூட்டும் போட்டது. லமோத் அம்மையார் என்பவரின் நிலம் அப்படிப் பறிபோனது. எந்தச் சட்டமும் வாய் திறக்காவிட்டாலும், நிர்வாகத்தின் எந்த ஆணையும் சட்டத்துக்கு உட்பட்டதா என்று கேட்கும் வழி என்றும் திறந்தே இருக்கும், அது சட்டத்தின் பொதுக் கோட்பாடு என்று 1950 பிப்ரவரி 17ஆம் நாள் மன்றம் தீர்ப்பளித்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து இன்னொரு வழக்கு. உயர் ஆட்சிப்பணிப் பள்ளியின் தேர்வு எழுத ஐந்து இளைஞர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. பொதுவுடைமைக் கட்சிச் சார்பு என்பதற்காகவே மறுத்தார்கள் என்பது அவர்கள் வாதம். கோப்பைக் கொண்டுவா என்றது மன்றம். அரசு கொண்டுவரவில்லை. கொண்டுவராததாலேயே மனுதாரர் சொல்வது மெய் என்று கொள்கிறோம் என்று கூறி, 1954 மே 28ஆம் நாள் அந்த மறுப்பை ரத்து செய்தது. கோப்பு மேசைக்கு வராதது யாருடைய பிழையோ அவர் தலையிலேயே அதன் பலன் விழ வேண்டும் என்ற நியாயம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஏன் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, கடல்பாசி எடுத்துப் பிழைக்கும் ஓர் அம்மாவுக்காக மனு எழுதிக்கொடுத்து ஓர் அரசு அலுவலகத்துக்கு உடன் போனேன். உப்புநீரில் ஊறி விரல்நுனி வெடித்திருந்த கையால் அவர் ரேகை வைத்தார். மூன்று மாதம் கழித்துப் பழுப்பு உறையில் பதில் வந்தது. 'தங்கள் கோரிக்கை ஏற்புடையதல்ல' என்ற ஒரே வரி, கீழே முத்திரை, தேதியில் மை பரவி, ஐந்தா ஆறா என்றே தெரியவில்லை. காரணம் என்ன என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஒருவருக்குப் பாதகமான முடிவைச் சொல்லும்போது அதற்கான காரணத்தை எழுதியே ஆக வேண்டும் என்று பிரான்சில் 1979ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. நம் உச்ச நீதிமன்றமும் 1977 இறுதியில் மொகிந்தர் சிங் கில் வழக்கில், ஓர் ஆணை அதில் எழுதியுள்ள காரணத்தாலேயே நிற்க வேண்டும், பிறகு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்த்து அதற்கு முட்டுக்கொடுக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. அன்று எனக்கு இது நினைவுக்கு வந்திருந்தால், காரணம் கேட்டு அந்த வாரமே தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு போட்டிருப்பேன்.

கேள்வி: கடல் எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்று எந்த நீதிமன்றமாவது சொல்லியிருக்கிறதா? – வாசகர், சேதுக்கரை.

பதில்: இதுவும் அந்த மன்றத்தின் முன் போன கேள்விதான். பதினான்காம் லூயி மன்னர் காலத்தில், 1681ஆம் ஆண்டுக் கடற்சட்டம் அட்லாண்டிக் கடலோரத்துக்கு ஓர் அளவுகோல் சொன்னது. நடுநிலக் கடலோரத்திலோ, குளிர்காலப் பேரலை எதுவரை வருமோ அதுவரை என்ற பழைய ரோமானிய அளவுகோல் நடைமுறையில் இருந்தது. 1973இல் கிரேட்மன் வழக்கில் கோன்சேய் தேத்தா இரண்டு கடலுக்கும் ஒரே விதி சொன்னது: அசாதாரணமான புயல் மழை இல்லாத நாளில் கடல் ஏறும் மிக உயர்ந்த எல்லை வரை அரசின் பொதுக் கடற்கரை. நம் கடற்கரை மண்டல அறிவிக்கை சொல்லும் உயர் ஓதக் கோட்டையும் இதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை மூடிய கடலைக் கண்டவர்களின் பிள்ளைகள் நாம். அந்த நாளின் நீர்மட்டம் எல்லை ஆகாது, அமைதியான நாளின் உயர் ஓதமே எல்லை ஆகும் என்பதன் பொருள் நமக்கு எளிதில் விளங்கும்.

கேள்வி: நம் நாட்டில் அப்படி ஒரு நீதிமன்றம் இல்லையா? – ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பாம்பன்.

பதில்: தனியாக இல்லை. ஆங்கிலேயர் வழியில், அரசும் குடிமகனும் ஒரே நீதிமன்றத்தில்தான் நிற்க வேண்டும் என்ற முறையை நாம் ஏற்றோம். அரசமைப்பின் 226ஆம் பிரிவின்படி ரிட் மனு போடும் வழி உயர் நீதிமன்றத்தில் உண்டு. நம் மாவட்டத்தவர் அதற்கு 2004 ஜூலையில் தொடங்கிய மதுரைக் கிளைக்குப் போகிறோம். பணிநிலை விவகாரங்களுக்கு மட்டும் 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் 323ஏ பிரிவைச் சேர்த்தது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் வந்தது. ரயில்வேயில் இருந்த உங்களுக்கு அது தெரிந்த இடமாகவே இருக்கும். அந்தத் தீர்ப்பாயங்களே கடைசிப் படி என்று இருந்ததை 1997இல் சந்திரகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாற்றி, உயர் நீதிமன்றம் அவற்றைச் சீராய்வு செய்யலாம் என்றது. இரண்டு முறைகளில் எது மேல் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் கொலை வழக்கும் சொத்து வழக்கும் ரேஷன் அட்டை வழக்கும் ஒரே வாசலில் வரிசையில் நிற்கும்போது, நிர்வாக வழக்குக்கென்றே பழகிய நீதிபதிகள் இருப்பதன் பயன் கண்கூடாகத் தெரிகிறது.

கேள்வி: காலையில் அரசுக்கு ஆலோசனை சொல்லிவிட்டு மாலையில் அதே அரசை விசாரித்தால் நியாயம் எங்கே இருக்கும்? – ஆசிரியர், இராமநாதபுரம்.

பதில்: இதுதான் அந்த அமைப்பின் மீது வைக்கப்படும் மிகக் கடுமையான குற்றச்சாட்டு, அதில் நியாயமும் உண்டு. லக்சம்பர்க் நாட்டில் இதே மாதிரியில் இருந்த மன்றத்தில், ஓர் ஆணையைப் பற்றி முன்பே ஆலோசனை சொன்னவர்களே அதன் மீதான வழக்கையும் விசாரித்தது முறையல்ல என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. பிரான்சும் அதிலிருந்து பாடம் கற்றது. ஓர் அரசாணையைப் பற்றிய ஆலோசனையில் பங்கெடுத்தவர் அதன் மீதான வழக்கில் அமரக் கூடாது என்று 2008இல் எழுத்தில் விதி செய்தார்கள். அந்த ஆலோசனைக் குறிப்பை வழக்கு நீதிபதிகள் பார்ப்பதற்கும் தடை வந்தது. பதவி உயர்வு நடைமுறையில் மூப்பின்படியே நடப்பதால், அமைச்சரின் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுத வேண்டிய தேவை உறுப்பினருக்கு இல்லை.

அரசை எதிர்த்து நிற்குமா என்ற கேள்விக்கு 1962 அக்டோபர் 19ஆம் நாள் ஒரு சோதனை வந்தது. அல்ஜீரியப் போரின் முடிவில் அதிபர் தெ கோல் தம் ஆணையால் தனி இராணுவ நீதிமன்றம் ஒன்றை அமைத்தார். அதன் தண்டனைகளுக்கு மேல்முறையீடு கிடையாது. அதில் கனால் என்பவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. அந்த நீதிமன்றத்தை அமைத்த ஆணையையே கோன்சேய் தேத்தா ரத்து செய்தது. அதிபர் கடுங்கோபம் கொண்டார்; மன்றத்தைச் சீர்திருத்தப்போவதாகவும் சொன்னார். கனால் தூக்குமேடைக்கோ சுடும் களத்துக்கோ போகவில்லை. இப்படி நின்று காட்டிய மன்றத்தின் மீது எனக்கு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையைக் காப்பது 2008 போன்ற எழுத்து விதிகள்தான், உறுப்பினரின் நல்ல மனது மட்டும் போதாது என்றும் கருதுகிறேன்.

கேள்வி: மகள் விஷயமாக இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். எத்தனை நாளுக்குள் மனு போட வேண்டும்? வக்கீல் இல்லாமல் முடியுமா? – மீண்டும் கீழக்கரை வாசகி.

பதில்: பொதுவாக, மறுப்பு ஆணை கையில் கிடைத்த நாளிலிருந்து இரண்டு மாதங்கள். ஆணையோடு நாட்டைவிட்டு வெளியேறும்படியும் சொல்லியிருந்தால் கெடு அதைவிட மிகக் குறைவு. ஆணையின் கடைசிப் பக்கத்தில் எத்தனை நாள், எந்த நீதிமன்றம் என்று அச்சிட்டிருக்கும், அதை மாப்பிள்ளை இன்றே படிக்கட்டும். சேன்-தெனியில் இத்தகைய மனுவுக்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீதிமன்றக் கட்டணமும் இல்லை. வசதி குறைந்தவருக்கு அரசு சட்ட உதவி உண்டு. மேல்முறையீட்டுக்குப் போர்தோ போனால் வழக்கறிஞர் வேண்டும்; பாரிசு மன்றம் வரை போனால் அங்கே பதிவுபெற்ற தனி வழக்கறிஞர் தேவை. ஆணை வந்த உறையைக் கிழித்துப் போட்டுவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். தபால் முத்திரையில் உள்ள தேதியோடு அது பத்திரமாக இருக்கட்டும்.